மூத்தவாப்பா என்ன சொன்னார்?



போன கிழமை அலுமாரியைத் துப்புரவாக்கும்போது எங்கட ராத்தாவின் கலியாண சீடி கிடைத்தது. 2006ஆம் வருசம். லெப்டொப்பில் போட்டோம். மர்ஹூம் மூத்தவாப்பா மாப்பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு நீண்ட நேரம் ஏதோ சொல்கிறார். உதடு அசைகிறது. கேட்பதோ நாகூர் ஹனிபாவின் பாட்டு.

"சத்தத்தக் கொஞ்சம் கூட்டுங்க மகன்" என்கிறா உம்மா.

எவ்வளவு கூட்டினாலும் பாட்டுத்தான் கூடும். அந்தப் பாட்டைப் போட்டதே சகோதரர்கள் நாங்கள் இருவரும்தான்.

அந்தக் காலத்தை இன்றைய பிள்ளைகளுக்குச் சொன்னால் சிரிப்பார்கள். அதற்கும் முன்பு இரண்டு டெக்கை வயரால் இணைத்து, ஒன்றில் ஓடவிட்டு மற்றதில் பதிவதுதான் எடிட்டிங். ஒவ்வொரு கொப்பிக்கும் படம் மங்கும். 1990இலேயே அமெரிக்காவில் அமிகா கம்பியூட்டருக்குள் செருகும் 'வீடியோ டோஸ்டர்' வந்துவிட்டதாம். நாங்கள் அதைக் கண்ணாலும் கண்டதில்லை.

எங்களிடம் இருந்தது கல்முனையில் வாங்கிய பழைய பென்டியம் 4. ஹார்ட் டிஸ்க் 40 ஜீபி. எக்ஸ்பியோடு இலவசமாக வந்த மூவி மேக்கர். மினி டீவி கெசட்டை ஃபயர்வயரால் ஏற்ற வேண்டும். ஒரு மணித்தியாலக் கெசட் ஏற ஒரு மணித்தியாலமேதான், அவசரப்படுத்த முடியாது. ஏறினால் 13 ஜீபி. ராத்தாவின் கலியாணம் மூன்று கெசட். 39 ஜீபி! விண்டோஸை எங்கே வைப்பது?

ஆகவே ஒரு கெசட்டை ஏற்றி, வெட்டி, மிச்சத்தை அழித்து, அடுத்ததை ஏற்றினோம். இஷாவுக்குப் பிறகு ரெண்டர் போட்டால் சுபஹுக்கு முடியும். இடையில் கரண்ட் போனால் முதலிலிருந்து. ஜெனரேட்டர் இரைச்சல், பீங்கான் சத்தம், பிள்ளைகளின் கூச்சல் எல்லாம் எங்களுக்கு அப்போது குப்பை. ஒரே கிளிக்கில் சத்தத்தை நிறுத்திவிட்டுப் பாட்டைப் போட்டோம். கெசட் விலை கூட என்பதால் அதே மூன்றிலும் அடுத்த கலியாணத்தை எடுத்தோம். அதுதான் பெரிய பிழை. மெஷினைக் குற்றம் சொல்ல முடியாது.

இன்று நகத்தளவு மெமரி கார்டிலேயே 256 ஜீபி. போன தவணை எங்கள் மாணவர்கள் விளையாட்டுப் போட்டி வீடியோவை ஃபோனிலேயே பத்து நிமிடத்தில் எடிட் பண்ணினார்கள். முதல் வேலையாகச் சத்தத்தை நிறுத்திப் பாட்டுப் போட்டார்கள்.

மச்சானிடம் கேட்டோம். "தலப்பாவோட வேர்த்துப் போய் நிண்டன், ஒண்டும் ஞாபகமில்ல. கையை இறுக்கிப் புடிச்சது மட்டும்தான் ஞாபகம்" என்றார்.

அன்று கிட்டங்கியைத் தாண்டி கல்முனை, சாய்ந்தமருதிலிருந்து நிறையப் பேர் வந்திருந்தீர்கள். யாராவது சொந்தக் கெமராவில் எடுத்திருந்தால் தயவுசெய்து இன்பொக்ஸில் சொல்லுங்கள். கெசட் பூஞ்சணம் பிடித்திருந்தாலும் பரவாயில்லை, நாங்களே வந்து எடுத்துக்கொள்கிறோம்.