கழன்று விழும் சங்கிலி

மனிதனுடைய பொறுமையை அளந்தறிய விரும்புவோர் அவனைக் கடுந்தவத்துக்கு அனுப்பவேண்டியதில்லை. சங்கிலி அடிக்கடி கழன்று விழும் ஒரு துவிச்சக்கரவண்டியைக் கொடுத்து, சோழகக்காற்று வீசும் காலத்தில் மன்னார்த் தாம்போதியைக் கடக்கச் செய்தாற் போதும்.

நாம் பெருநிலப்பரப்பில், மாந்தைப் பக்கத்தில் வசிப்பவர். தீவின் நகரிலுள்ள கல்லூரியொன்றிற் கற்பிப்பவர். இடையே கடலை ஊடறுத்துச் செல்லும் தாம்போதி ஏறத்தாழ 3 கிலோமீற்றர் நீளமானது. 1990இல் போரிலே பாலம் உடைக்கப்பட்டது. புதிய பாலம் 2010இல் திறக்கப்பட்டது. அன்றுதொட்டு மோட்டார்ச் சைக்கிளிலேயே போய்வந்த எம்மை, 2022ஆம் ஆண்டின் எரிபொருட் பஞ்சம் மீண்டும் சைக்கிளில் ஏற்றிவிட்டது. கொட்டிலில் கிடந்த தந்தையாரின் வண்டியைத் தூசு தட்டினோம். சங்கிலிக்குத் தேங்காயெண்ணெயும் தாராளமாகப் பூசினோம். மருந்து நன்றென்றே எண்ணினோம்.

தாம்போதியின் நடுவே ஒரு நாட் காலை சங்கிலி கழன்றது. மாட்டினோம். சிறிது தூரத்தில் மறுபடியும் கழன்றது. மூன்றாம் முறை, கைகளும் சட்டையும் மையாகி நாம் நின்ற வேளையில், பின்னால் வந்த மாணவன் ஒருவன் தன் வண்டியைச் சாய்த்துவிட்டு இறங்கினான்.

"விடுங்கோ சேர், நான் போடுறன்" என்றான்.

சங்கிலியைப் பின்பற்சக்கரத்தில் இருத்தி, முன்சக்கரத்தின் கீழ்ப்பற்களிற் கொளுவி, மிதியைப் பின்னோக்கி ஒரு சுற்றுச் சுற்றினான். கண்ணிமைப்பொழுதில் வேலை முடிந்தது.

"நல்ல பழக்கம் போலிருக்கிறதே!" என்றோம்.

"என்ரையும் ஒவ்வொரு நாளும் கழருது சேர். போன வருசத்திலை இருந்து."

எமக்குச் சுருக்கென்றது. அவனுடைய பெயருக்கெதிரே இடாப்பில் 'பிந்தி வந்தான்' என்று எழுதியவர் நாமே. அழுக்குக் கையால் கொப்பியைத் தொடாதே என்று வகுப்பிலே கடிந்தவரும் நாமே.

"இதை ஏன் முன்னரே சொல்லவில்லை?"

அவன் தரையைப் பார்த்துக்கொண்டு, "சொன்னனான் சேர். சாட்டுச் சொல்லாதை எண்டு சொல்லிப்போட்டியள்" என்றான்.

இதற்கு எந்தப் பட்டதாரியிடமும் விடையில்லை.

அன்று மாலை இருவருமாக நகரிலுள்ள சைக்கிள் திருத்துநரிடம் சென்றோம். முதியவர். எமது தேங்காயெண்ணெயை விரலால் தொட்டுப் பார்த்துச் சிரித்தார். அது நாட்பட்டால் பிசினாகி மணலைப் பிடித்துவைத்துக்கொள்ளும். கடற்காற்றின் உப்பும் சேர்ந்தால் சங்கிலியை அரம் கொண்டு அராவுவது போலாகும் என்றார். மண்ணெண்ணெயாற் கழுவி, உலர்த்தி, மெஷின் எண்ணெயைக் கணுவுக்கொரு துளியாக விட்டு, வெளிப்புறத்தை நன்றாகத் துடைத்துவிட வேண்டுமாம்.

பின்னர் ஓர் அடிமட்டத்தை எடுத்தார். சங்கிலியின் ஒரு கணுவிலிருந்து அடுத்த கணுவுக்கு அரை அங்குலம். எனவே 24 கணுக்களுக்கு 12 அங்குலம் இருத்தல் வேண்டும். அதற்கு மேல் அங்குலத்தில் எட்டிலொரு பங்கு கூடிவிட்டால் சங்கிலியை மாற்றவேண்டியதுதான். எம்முடையதும் மாணவனுடையதும் அந்த எல்லையைத் தாண்டியிருந்தன.

"இரும்பு இழுபட்டு நீளுமா?" என்று வினவினோம்.

"நீளாது. தேயும்" என்றார்.

1880இல் மான்செஸ்ரரில் ஹான்ஸ் ரெனோல்ட் உருளைச் சங்கிலியை அமைத்த காலந்தொட்டு அதன் வடிவம் பெரிதும் மாறவில்லை. நூற்றுக்கு மேற்பட்ட ஊசிகள்; ஒவ்வொன்றும் மயிரிழையளவு தேய்கிறது. எந்த ஒரு கணுவையும் குற்றவாளியாக நிறுத்த முடியாது. எல்லாம் சேர்ந்தே சங்கிலி தளர்கிறது. தளர்ந்தது குலுக்கத்திற் கழல்கிறது.

புதுச் சங்கிலிகள் வாங்கினோம். பற்கள் கொக்கிபோல் வளைந்துவிட்டபடியால் எமது வண்டிக்குப் பிறீவீலும் மாற்றவேண்டியதாயிற்று. தேய்ந்த பல்லின்மேல் புதுச் சங்கிலி துள்ளுமாம். மாணவனின் பின்சில்லோ ஒருபுறம் சாய்ந்து நின்றது. இரு நட்டுகளையும் தளர்த்தி, சில்லைப் பின்னே இழுத்து, கவரின் நடுவே நேராக நிறுத்தி, நட்டுகளை முறுக்கினார் முதியவர். சங்கிலியின் நடுவில் விரல் வைத்தால் அது அரை அங்குலமளவு மேலுங் கீழும் அசையலாம். மிதியைச் சுற்றிச் சுற்றிப் பல இடங்களிற் பார்க்கவேண்டும். ஓரிடத்தில் இறுகியும் வேறிடத்தில் தளர்ந்தும் இருப்பது இயல்பு.

மாணவனின் சங்கிலிக்கும் நாமே பணம் கொடுத்தோம். அவன் மறுத்தான், அதனைக் கடனென்று சொல்லியே ஒப்புக்கொள்ளச் செய்தோம். மறுவாரம் அவன் தகப்பனார் ஒரு பை புத்தரிசி அனுப்பிவைத்தார். கடன் தீர்ந்தது; உண்மையில் எமது பக்கமே மிகுந்தது.

கழன்ற சங்கிலியை மீண்டும் மாட்டுவது திருத்தம் அன்று. அவன் நாள்தோறும் மாட்டினான். நாம் நாள்தோறும் இடாப்பில் எழுதினோம். இரண்டும் ஒரே வகை வேலைதான். ஏன் கழல்கிறது என்று அடிமட்டம் எடுத்துப் பார்க்க ஒருவர் வேண்டியிருந்தது. ஓராண்டுக்காலம் அந்தக் கேள்வியைக் கேட்கவேண்டியவர் நாம். கேட்டோம்; விடைக்குக் காத்திருக்கவில்லை.

அதன்பின் அவன் நேரத்துக்கு வந்தான். சில கிழமைகளின் பின் ஒரு நாள் மாத்திரம் மணியடித்த பிறகு வாசலில் வந்து நின்றான். கைகள் சுத்தமாயிருந்தன. "ஏன் பிந்தியது?" என்றோம். "வீட்டிலை பசு கண்டு போட்டது சேர்" என்று தொடங்கினான். அது நீண்ட கதை. பேனாவைக் கீழே வைத்துவிட்டு, அவன் சொல்லி முடிக்கும்வரை கேட்டோம்.