சங்கிலி யார் கையில்?

அச்சத்தைக் காசு கொடுத்து வாங்குவது மனித இயல்பு போலும். பேய்ப் படம் என்றால் கூட்டத்திற்குக் குறைவில்லை. ஆயினும், அன்பின் திருநாளாகிய கிறிஸ்துமசையும் பேய்க்குக் கொடுத்துவிட்டார்களே என்று வியந்தேன், சென்ற குளிர்கால விடுமுறையில். ஊருக்குச் செல்லாமல் விடுதியிலேயே தங்கிவிட்ட நாங்கள் நால்வர், கம்பளியைப் போர்த்திக்கொண்டு மூன்று இரவுகளில் மூன்று படங்கள் பார்த்தோம். மூன்றும் ஐரோப்பிய நாட்டுப்புறக் கதைகளிலிருந்து எழுந்தவை.

கதைகளை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆஸ்திரியாவின் ஆல்ப்ஸ் மலைப்பகுதியில் டிசம்பர் 5ஆம் நாள் இரவு கிராம்பஸ் இரவு. மறுநாள் புனித நிக்கலசின் திருநாள். அந்த மாலையில் ஆயர் உடையும் கைக்கோலுமாக நிக்கலஸ் வீடு வீடாக வருவார். அவர் பின்னால் கிராம்பஸ் வருவான். ஆட்டுக் கொம்பு, தொங்கும் நாக்கு, உடலெங்கும் உரோமம், இடுப்பில் மணிகள், கையில் மிலாறு, முதுகில் கூடை! அடங்காத பிள்ளைகளைக் கூடையில் போட்டுக்கொண்டு போவான் என்பது கதை. மரத்தில் செதுக்கிய முகமூடியும் ஆட்டுத் தோலும் அணிந்த உள்ளூர் இளைஞர்கள்தாம் இந்தக் கிராம்பஸ்கள். சால்ஸ்பர்க் மாநிலத்துக் காஸ்டைன் பள்ளத்தாக்கில் இன்றும் இவர்கள் குழுக்களாக வருகிறார்கள்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். கிராம்பஸ் தனியே வருவதில்லை. பழைய படங்கள் பலவற்றில் அவன் சங்கிலியோடு காட்சி தருகிறான். அவனை அடக்க ஒரு பெரியவர் உடன் இருக்கிறார். நிக்கலஸ் பிள்ளையை விசாரிப்பார். ஆப்பிளும் கொட்டைகளும் கொடுப்பார். போதும் என்று கையைக் காட்டுவார். கிராம்பஸ் வெளியே போய்விடுவான். வந்ததைப் போலவே போவதும் சடங்கின் ஒரு பகுதி.

இனிப் படங்களுக்கு வருவோம். மைக்கேல் டோஹர்ட்டி எடுத்த அமெரிக்கப் படமான ‘கிராம்பஸ்’ 2015ஆம் ஆண்டில் வந்தது. விருந்துக்குக் கூடிய உறவினர்கள் ஓயாமல் சண்டையிடுகிறார்கள். மனம் நொந்த சிறுவன் மாக்ஸ், சாண்டாவுக்கு எழுதிய கடிதத்தைக் கிழித்து எறிகிறான். கிராம்பஸ் வருகிறான்; நிக்கலஸ் வரவில்லை. 2010ஆம் ஆண்டில் டிக் மாஸ் எடுத்த டச்சுப் படமான ‘சின்ட்’டிலோ, நிக்கலசே கொலைகாரன். டிசம்பர் 5 முழுநிலவு நாளாக அமையும்போதெல்லாம் ஆம்ஸ்டர்டாமுக்கு வந்துவிடுகிறான். அதே ஆண்டில் பின்லாந்தின் யல்மாரி ஹெலாண்டர் எடுத்தது ‘ரேர் எக்ஸ்போர்ட்ஸ்’. கோர்வதுந்துரி மலையின் அடியிலிருந்து தோண்டப்படுவது கொம்பு முளைத்த பழைய சாண்டா. பின்லாந்தில் சாண்டாவுக்கு யோலுபுக்கி என்று பெயர். ‘யூல் ஆடு’ என்பது அதன் பொருள். கொம்புக்குக் காரணம் அந்தப் பெயரிலேயே இருக்கிறது.

மூன்று படங்களிலும் அரக்கன் இருக்கிறான். அவனை அடக்கி அழைத்துச் செல்பவர் இல்லை. ஒன்றில் அவர் வரவேயில்லை. மற்ற இரண்டில் அவரே அரக்கனாகிவிட்டார். எங்களை உலுக்கியது கொம்பன்று, அந்த வெறுமைதான் என்று எனக்குத் தோன்றியது. “மிரட்டி வளர்க்கும் பெரியவர்களைத்தானே இந்தப் படங்கள் தண்டிக்கின்றன? நல்லதுதான்!” என்றார் நண்பர் ஒருவர். அதுவும் உண்மைதான். பின்லாந்துப் படத்தில் உண்மையை முதலில் அறிபவன் சிறுவன் பியேதாரி. பெரியவர்கள் பிறகுதான் நம்புகிறார்கள். ஆனால் என் மனம் வேறு ஓரிடத்தில் நின்றுவிட்டது.

‘கிராம்பஸ்’ படத்தில் ஒரு பாட்டி வருகிறாள். சிறு வயதிலேயே அவனைக் கண்டவள் அவள். மற்றவர்களைத் தப்பியோடச் சொல்லிவிட்டு, அவன் எதிரே தனியாக நிற்கிறாள். அந்தக் காட்சியில் நான் என் பாட்டியை நினைத்தேன்.

சோறு உண்ண மறுத்தால், “மூன்று கண்ணன் வருவான்” என்பாள் என் பாட்டி. நான் நடுங்கியபடியே உண்டு முடிப்பேன். உடனே அவள் எழுந்து வாசலுக்குப் போய், “என் பேரன் சாப்பிட்டுவிட்டான். நீ போய் வா அப்பா!” என்று இருட்டைப் பார்த்துச் சொல்லுவாள். பிறகு என் அருகில் படுத்துக்கொள்வாள். எனக்கு ஏழு வயதானபோது பாட்டி இறந்தாள். மூன்று கண்ணன் இறக்கவில்லை. பல இரவுகள் அவன் வாசலிலேயே நின்றான். அவனைப் போகச் சொல்ல வீட்டில் யாருக்கும் தெரியவில்லை.

ஐஸ்லாந்தில் கிரீலா என்ற அரக்கியும் அவளுடைய 13 பிள்ளைகளும் கிறிஸ்துமஸ் காலத்தில் மலையிலிருந்து இறங்கி வருவதாகக் கதை. அவர்களைச் சொல்லிப் பிள்ளைகளை மிரட்டலாகாது என்று 1746ஆம் ஆண்டில் அரசாணையே பிறந்தது. ஆணையால் கதை அழியவில்லை. ஆனால் காலப்போக்கில் அந்தப் பிள்ளைகள் சாதுக்களாகிவிட்டார்கள். இன்று கிறிஸ்துமசுக்கு முந்தைய 13 இரவுகளில், சன்னலோரம் வைத்த காலணியில் பரிசு போட்டுச் செல்கிறார்கள். குறும்பு செய்த பிள்ளைக்குக் கிடைப்பது அழுகிய உருளைக்கிழங்கு!

அண்மையில் அக்கா தொலைபேசியில் பேசினாள். கைபேசியில் பேயுருவம் ஒன்றைக் காட்டினால்தான் அவள் மகனுக்குச் சோறு இறங்குகிறதாம். “தவறா தம்பி?” என்று கேட்டாள். “வரவழைத்தது நீ அக்கா. வழியனுப்பியும் வைக்கிறாயா?” என்றேன். “நான்கு வயதுப் பிள்ளைக்கு ஒரு வேளை ஊட்டிப் பார். அப்புறம் பேசு!” என்று சிரித்தாள். சிரித்து முடித்தபின், சிறிது நேரம் இருவரும் பேசவில்லை. பாட்டி வாசலில் நின்று சொல்லும் அந்தச் சொற்கள் அவளுக்கும் நினைவிருக்கும்.

பிள்ளைகளுக்கு அச்சமே கூடாது என்று நான் வாதாடவில்லை. இருட்டு இருக்கும்வரை அச்சமும் இருக்கும். சங்கிலியைப் பிடித்திருக்கும் கை ஒன்று அருகில் வேண்டும், அவ்வளவே.