மூன்று விரல்கள்

பாஞ்சோ என்றதும் எங்கள் நினைவில் எழுபவர் ஏர்ல் ஸ்க்ரக்ஸ். 1924இல் வட கரோலினாவின் ஃபிளிண்ட் ஹில்லில் பிறந்தவர். நான்கு வயதில் தந்தையை இழந்தவர். போர்க்காலத்தில் நூற்பாலைத் தொழிலாளி. 1945 டிசம்பரில் பில் மன்றோவின் குழுவில் அவர் சேர்ந்த பின்னரே புளூகிராஸ் தனக்குரிய ஒலியைப் பெற்றது என்பது எங்கள் துணிபு (மன்றோவின் அன்பர்கள் சினம் கொள்ளக்கூடும்).

கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றும் மாறிமாறி மீட்ட, ஐந்தாவது குறுந்தந்தி ஓயாது ஊடே ஒலிக்கும். ஒவ்வொரு சுரமும் தனித்து உதிரும். ஆயினும் மெட்டு அறுபடாது. மூவிரல் முறை அவ்வட்டாரத்தில் முன்பே இருந்ததுதான். அதனை உலகறியச் செய்தவர் அவர். 1949இல் பதிவான 'ஃபாகி மவுண்டன் பிரேக்டவுன்' இசையைக் கேட்கும்தோறும், வாசிப்பவை மூன்றே விரல்கள் என்று நம்ப எங்களுக்கு மனம் வருவதில்லை.

1948 முதல் தம்முடன் குழு நடத்திய லெஸ்டர் ஃபிளாட்டை 1969இல் அவர் பிரிந்தார். ஃபிளாட் பழைய வழியிலேயே நின்றார். இவரோ மகன்களுடன் புதிய இசையைத் தேடிச் சென்றார். அவ்வாண்டு நவம்பரில் வாஷிங்டனில் நடந்த வியட்நாம் போர் எதிர்ப்புக் கூட்டத்திலும் வாசித்தார். அவருடைய இசையுலகில் அதற்குத் துணிந்தோர் மிகச் சிலரே. பிந்தைய இசை முந்தையதற்கு ஈடாகுமா என்ற வழக்கு எங்களுக்குள் இன்றும் தீரவில்லை. 1979இல் ஃபிளாட் மறைவதற்கு முன், மருத்துவமனைக்குச் சென்று அவரைப் பார்த்துவிட்டு வந்தார் ஸ்க்ரக்ஸ்.