திருத்தணிக்கு எப்போ வரலாம்?

காலையில சென்னைத் தோழி போன்ல கேட்டா, "உங்க ஊருக்கு எப்போடி வரலாம்?"

வெயில் ஏறுறதுக்கு முன்னாடி வா.
சென்ட்ரல்லேர்ந்து மின்சார ரயிலே இருக்கு.

மலைமேல முருகன் கோயில் வரைக்கும் வண்டி போகும். ஆனா முடிஞ்சா படியேறு.
நாளுக்கு ஒரு படியா 365.
டிசம்பர் 31 ராத்திரி அந்தப் படிகளுக்கே பூஜை நடக்கும். கூட்டம் தாங்குவேன்னா அன்னிக்கே வா!

திரும்புறப்போ திருவாலங்காடு பாத்துடு.
நடராஜரோட ரத்தின சபை. காரைக்கால் அம்மையார் தலையாலயே நடந்து வந்ததா சொல்ற ஊர்.

எங்க ஊர் பஸ் ஸ்டாண்டுல கொஞ்ச நேரம் சும்மா நில்லு.
தமிழும் தெலுங்கும் கலந்து காதுல விழும். 1960-லதான் ஆந்திராவுலேர்ந்து தமிழ்நாட்டோட சேந்தோம். அந்தக் கலவை எனக்கு உசுரு.

போனை வச்சதும் மனசு கனத்துப்போச்சு.
அம்மா கையப் புடிச்சு நான் அந்தப் படியேறி எத்தனை வருஷமாச்சு?