எப்போ ஆஃப் ஆகுதுங்க?

கம்ப்யூட்டர் ரிப்பேரில் செத்துப்போன மெஷின் சுலபம். ஆன் ஆகவே ஆகாத போர்டில் பல நேரம் எங்காவது ஒரு ஷார்ட் இருக்கும். மீட்டரை வைத்தால் பீப் அடிக்கும், பெரும்பாலும் அன்றைக்கே முடிவு தெரிந்துவிடும். நன்றாக ஓடிக்கொண்டே இருந்து, சட்டென்று ரீஸ்டார்ட் ஆகி, ஒன்றுமே நடக்காததுபோல மறுபடி ஓடும் மெஷின்தான் ஆளைச் சோதிக்கும். சென்னை ரிச்சி தெருவில், நரசிங்கபுரம் தெரு திரும்பும் பக்கத்தில் உள்ள ஒரு சின்னக் கடையில் நான் வேலை கற்றுக்கொள்கிறேன். இப்படிப்பட்ட மெஷின்கள் வந்தால் மற்ற கடைக்காரர்கள் எனக்கு வேலை கற்றுத்தரும் பாயிடம்தான் அனுப்பி வைப்பார்கள். அதனால் எனக்குக் கிடைத்த படிப்பில் பெரும்பகுதி இந்த ஒரு நோயைப் பற்றியதுதான்.

பாய் முதலில் என் கையில் ஸ்க்ரூ டிரைவர் கொடுக்கவில்லை. கவுன்டரில் உட்கார வைத்து, வருகிறவர்களிடம் கேள்வி கேட்கச் சொன்னார். "எப்போ ஆஃப் ஆகுதுங்க? காலையில போட்ட உடனேயா, ரொம்ப நேரம் ஓடுன பிறகா? கேம் ஆடும்போதா, சும்மா இருக்கும்போதா? நீலத் திரை வருதா, பட்டுனு கரன்ட் போன மாதிரி போகுதா? ஃபேன் சுத்திக்கிட்டே ஸ்கிரீன் மட்டும் கறுப்பாகுதா?" எல்லாரும் முதலில் சொல்லும் பதில் ஒன்றுதான்: "அது இஷ்டத்துக்குப் பண்ணுதுங்க." அந்தப் பதிலை பாய் ஏற்றுக்கொள்ளவே மாட்டார். "இஷ்டத்துக்குப் பண்ற மெஷின் எதுவும் கிடையாது தம்பி. நாம இன்னும் சரியா கேக்கலைன்னு அர்த்தம்."

அவர் அனுபவத்தில் சொன்னதற்கு எழுத்தில் ஆதாரமும் இருக்கிறது. மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள் சுமார் பத்து லட்சம் சாதாரணக் கணினிகளின் கோளாறுப் பதிவுகளை அலசி 2011-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஹார்டுவேர் கோளாறால் ஒருமுறை விழுந்த கணினி மறுபடி விழும் வாய்ப்பு நூறு மடங்கு வரை கூடிவிடுகிறது என்பது அதன் முக்கியமான முடிவுகளில் ஒன்று. ஒருமுறை நின்றுபோன மெஷினை "எப்பவாவது அப்படித்தான் ஆகும்" என்று விட்டுவிடக்கூடாது.

எங்கள் தெருவில் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. ரீஸ்டார்ட் ஆகிறது என்று சொன்னதும், "விண்டோஸ் போயிடுச்சு, ஃபார்மட் போட்டுடலாம்" என்பார்கள். ஃபார்மட் போட்டால் தடயம் எல்லாம் அழிந்துபோகும். விண்டோஸ் தன் ஈவென்ட் வியூவரில் ஒவ்வொரு சாவையும் எழுதி வைக்கிறது. நீலத் திரை வந்திருந்தால் மினிடம்ப் ஃபோல்டரில் ஒரு சின்ன ஃபைலும் இருக்கும். நாங்கள் முதலில் செய்வது, தானாக ரீஸ்டார்ட் ஆகும் வசதியை நிறுத்திவிட்டு, பழைய பதிவுகளை உட்கார்ந்து படிப்பது. ஒவ்வொரு முறையும் ஒரே டிரைவர் பெயரே வந்தால் சாஃப்ட்வேர் பக்கம் பார்க்கலாம். ஒருநாள் மெமரி, மறுநாள் ஃபைல் சிஸ்டம், அடுத்த நாள் வேறொன்று என்று பிழைக் குறியீடு மாறிக்கொண்டே இருந்தால் ராம் மேல் சந்தேகம் போகும். நீலத் திரையே இல்லாமல், மினிடம்பும் இல்லாமல், கெர்னல் பவர் 41 என்ற ஒற்றை வரி மட்டும் இருந்து, அதற்குள் பிழை எண் 0 என்று இருந்தால், விண்டோஸுக்கு எழுதவே நேரம் கிடைக்கவில்லை. மின்சாரம் அறுந்திருக்கலாம். ஹேங்க் ஆகி, வீட்டுக்காரரே பவர் பட்டனை அழுத்தி அணைத்திருந்தாலும் அதே 41 பதிவாகும். அதனால் மறுபடி ஆளிடம் கேட்கத்தான் வேண்டும்.

அப்படி 41 மட்டும் வரிசையாக நின்ற ஒரு மெஷின் பெரம்பூரிலிருந்து வந்தது. வீட்டில் உட்கார்ந்து கணக்கு எழுதும் ஓர் அக்காவுடையது. சாயங்காலமானால் ஆஃப் ஆகிறது என்றார். கடையில் முழு லோடு கொடுத்து ஓடவிட்டோம், அசையவில்லை. எடுத்துக்கொண்டு போனார், அன்று இரவே ஆஃப் ஆனது. பாய் என்னிடம், "மெஷினை இங்க கொண்டாரச் சொல்லாதே. நீ அங்க போ" என்றார்.

போய்ப் பார்த்தால், அதே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் ஃபிரிட்ஜும் இருந்தது. பிளக்கில் மீட்டர் வைத்தேன்; சாயங்காலம் தெருவே ஏசி போட்டிருக்கும் நேரத்தில் 200 வோல்ட்தான் காட்டியது. ப்ராசஸருக்கு டெஸ்ட் லோடு கொடுத்துவிட்டுக் காத்திருந்தேன். ஃபிரிட்ஜ் கம்ப்ரஸர் 'டக்'கென்று பிடித்த அந்த நொடியில் திரை கறுத்தது.

நடப்பது இதுதான். எஸ்எம்பிஎஸ் எனும் பவர் சப்ளையின் முன்பகுதியில் பெரிய கெபாசிட்டர் இருக்கிறது. அது வீட்டு மேல்தொட்டி மாதிரி; மோட்டார் நின்ற பிறகும் கொஞ்ச நேரம் குழாயில் தண்ணீர் வருவதற்குக் காரணம் அந்தத் தொட்டிதான். லைனில் மின்சாரம் நின்றாலும், முழு லோடில் குறைந்தது 16 மில்லி விநாடியாவது தாக்குப்பிடிக்க வேண்டும் என்று பழைய ஏடிஎக்ஸ் விதி சொல்கிறது. நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் ஒரு சுற்று 20 மில்லி விநாடி. வருடக்கணக்கில் சூடு தாங்கிக் கெபாசிட்டர் உலர்ந்துபோனால் இந்தத் தாக்குப்பிடிப்பு சுருங்கிவிடும். சேமிப்பு வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது; ஆகவே விலை குறைந்த சாதாரண எஸ்எம்பிஎஸ்ஸில் 230 வோல்ட் 200-க்கு இறங்கினாலே கால்வாசி போய்விடும். அதன்மேல் கம்ப்ரஸர் ஒரு கணம் லைனை இழுத்தால் கதை முடிந்தது. கடையில் வோல்டேஜும் நன்றாக இருந்தது, ஃபிரிட்ஜும் இல்லை. அதனால்தான் அங்கே குணமாகத் தெரிந்தது.

நல்லது என்று உறுதியாகத் தெரிந்த எஸ்எம்பிஎஸ் ஒன்றைப் போட்டேன். கம்ப்ரஸர் மறுபடி மறுபடி பிடித்தது, மெஷின் நிற்கவில்லை. எனக்குக் கிளம்பிவிடலாம் என்றிருந்தது. போனில் பாய் விடவில்லை. "பழசைத் திரும்பப் போடு. மறுபடி விழணும். விழுந்தாதான் நீ கண்டுபிடிச்சே." போட்டேன், அடுத்த 'டக்'கில் விழுந்தது. பார்ட் மாற்றும்போது கனெக்டரும் அசைகிறது, தூசியும் போகிறது, எதனால் சரியானது என்று யாருக்கும் தெரியாது. கோளாறைத் திரும்ப வரவழைக்க முடிந்தால் மட்டுமே அக்காவிடம் காசு கேட்கலாம் என்பது பாயின் நியாயம். இந்தத் தொழிலில் எனக்கு மிகவும் பிடித்த விதி இதுதான்.

பழைய எஸ்எம்பிஎஸ்ஸைக் கடையில் பாயே திறந்தார். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே 300 வோல்ட்டுக்கு மேல் நிற்கக்கூடும், ரெசிஸ்டர் வைத்து இறக்கிய பிறகுதான் தொடலாம் என்பதால் அதில் எனக்கு இன்னும் அனுமதி இல்லை. கெபாசிட்டர் உப்பவில்லை, கசியவில்லை. மேல் மூடி தட்டையாக, புதுசுபோல இருந்தது. மேலே அச்சிட்டிருந்தது 470 மைக்ரோஃபாரட். மீட்டர் அதில் பாதிகூடக் காட்டவில்லை.

ராம் வேறு மாதிரி. அங்கே அவசரப்பட்டால் நல்ல பொருளைக் குப்பையில் போட நேரும். பயாஸில் ராமைக் கூடுதல் வேகத்தில் ஓட்டும் எக்ஸ்எம்பி போட்டிருக்கிறதா என்று முதலில் பார்ப்போம். டிடிஆர்4 ராமின் டப்பாவில் 3200 என்று இருக்கும்; பல ராம்களில் அது தயாரிப்பாளர் சொல்லும் கூடுதல் வேகம், அடிப்படை வேகம் அதைவிடக் குறைவு. எக்ஸ்எம்பியை நிறுத்திவிட்டு ஓட்டினாலே சில மெஷின்கள் அடங்கிவிடும். அடங்காவிட்டால், ராமில் ஸ்லாட்டைத் தொடும் பற்களை ஐசோப்ரொபைல் ஆல்கஹால் தொட்டுத் துடைக்க வேண்டும். திருவல்லிக்கேணி, பட்டினப்பாக்கம் பக்கமிருந்து வரும் மெஷின்களில் கடற்காற்று தன் வேலையைக் காட்டியிருக்கும். தெருவில் பலர் ரப்பர் போட்டுத் தேய்ப்பார்கள். தங்கப்பூச்சு மிக மெல்லியது, தேய்த்தால் போய்விடும் என்று பாய் விட மாட்டார்.

பிறகு மெம்டெஸ்ட்86-ஐ பென் டிரைவிலிருந்து ஏற்றி இரவு முழுக்க ஓட விடுவோம். அரை மணி நேரம் ஓடி 'பாஸ்' என்று வந்தால் நம்பக்கூடாது. சூடேறிய பிறகு மட்டும் பிழை காட்டும் ராம் உண்டு. பிழை வந்தால் இரண்டு ராம், இரண்டு ஸ்லாட், ஒவ்வொன்றாக மாற்றி ஓட்ட வேண்டும். பிழை ராமோடு நகர்ந்தால் ராம். எந்த ராம் போட்டாலும் ஒரே ஸ்லாட்டில் வந்தால் போர்டு, அல்லது ப்ராசஸர். ராமைக் கட்டுப்படுத்தும் பகுதி இப்போது ப்ராசஸருக்குள்ளேயே இருப்பதால், சாக்கெட்டில் முடியளவு பின் ஒன்று வளைந்திருந்தாலும் ராம் கெட்டதுபோலவே தெரியும். டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால், வரிசையில் அந்த ஒரு பின்னின் மினுக்கம் மட்டும் திசைமாறி அடிக்கும். அதைப் பார்க்கக் கண் பழக வேண்டும்; எனக்கு இப்போதுதான் பழகுகிறது.

சூட்டுக் கோளாறு பெரும்பாலும் எளிது: காய்ந்த பேஸ்ட், அடைத்த ஃபேன், நான்கில் ஒரு முள் பிடிக்காத கூலர். டிஸ்க்கின் ஸ்மார்ட் பதிவில் சிஆர்சி பிழை எண்ணிக்கை மட்டும் ஏறினால் டிஸ்க்கை மாற்றுவதற்கு முன் கேபிளை மாற்றிப் பார்க்க வேண்டும்.

திரையில் வரும் செய்தியை அப்படியே நம்பக்கூடாது என்பதற்கு பாய் அடிக்கடி சொல்வது இன்டெல் விவகாரம். 13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் ப்ராசஸர்கள் பலவற்றில் கேம் திறக்கும்போது வீடியோ மெமரி போதவில்லை என்று பிழை வந்தது. பலர் கிராஃபிக்ஸ் கார்டையே சந்தேகித்தார்கள். கோளாறு ப்ராசஸருக்குப் போகும் மிகையான வோல்டேஜில் இருந்தது; 2024-ல் இன்டெல்லே அதை ஒப்புக்கொண்டு, மைக்ரோகோடு திருத்தம் கொடுத்து, வாரன்டியை இரண்டு வருடம் நீட்டித்தது.

மீட்டரால் பிடிக்க முடியாத ஒரு கோளாறு எனக்கு மிச்சமிருக்கிறது. 12 வோல்ட் லைன் 11.4-க்கும் 12.6-க்கும் இடையில் இருக்கலாம். மீட்டர் அழகாக 12.1 காட்டும். அதன்மேல் ஏறி இறங்கும் ரிப்பிள் 120 மில்லிவோல்ட்டைத் தாண்டினால் மெஷின் தடுமாறக்கூடும், மீட்டருக்கு அது தெரியாது. அதற்கு ஆசிலோஸ்கோப் வேண்டும். பாயிடம் பழையது ஒன்று இருக்கிறது. ப்ரோப் வாங்கிவிட்டார், அடுத்து சரக்கு வராத ஒரு ஞாயிற்றுக்கிழமை அதில் உட்கார வைப்பதாகச் சொல்லியிருக்கிறார்.