ஒரு பல் கூடினால்...

சைக்கிள் பந்தயத்தைப் பற்றி எழுதப் போகிறேன் என்றதும் ஆபீஸில் எல்லோரும் சிரித்தார்கள். "நம் சகோதரிகளுக்கு அதெல்லாம் எதற்கு அம்மா? வடாம் போடுவதைப் பற்றி எழுதுங்களேன்!" என்றார் பக்கத்து மேஜைக்காரர். வடாத்தைப் பற்றி என்னை விட உங்களுக்கு ஜாஸ்தி தெரியும். ஆனால் சைக்கிளின் பல் சக்கரத்தைப் பற்றி நான் ஒரு பாடம் படித்திருக்கிறேன். அதுவும் என் அக்காள் பெண்ணின் செலவில் படித்த பாடம். கொஞ்சம் கேளுங்கள்.

2023-ம் வருஷம். அவளுக்கு அப்போது 17 வயது. வட்டப் பாதையில் ஓட்டும் பந்தய சைக்கிள்தான் அவளுக்கு உயிர். அந்த சைக்கிளை முதன்முதலில் வீட்டுக்குக் கொண்டு வந்த அன்று அக்காள் அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "பிரேக் எங்கேடி?" என்று கேட்டாள்.

"பிரேக் கிடையாது அம்மா."

அக்காள் அப்படியே திண்ணையில் உட்கார்ந்து விட்டாள்!

வாஸ்தவந்தான். அந்த சைக்கிளுக்கு பிரேக் கிடையாது. மிதிப்பதை நிறுத்திவிட்டுச் சும்மா உருண்டு போகவும் முடியாது. பின் சக்கரம் சுற்றுகிற வரையில் பெடலும் சுற்றிக்கொண்டே இருக்கும். வேகத்தைக் குறைக்க வேண்டுமானால் காலாலேயே எதிர்த்து அமுக்க வேண்டும். எல்லாவற்றையும் விட முக்கியம், அதற்கு ஒரே ஒரு கியர்தான். பந்தயத்தின் நடுவில் மாற்றவே முடியாது. எந்தக் கியர் என்பதை ஓட்டத்துக்கு முன்பே தீர்மானித்து, ஸ்பானரால் முடுக்கிவிட வேண்டும். அப்புறம் பட்டது பட்டதுதான்!

கியர் என்றால் பயந்துவிடாதீர்கள். பெடலோடு சேர்ந்தது பெரிய பல் சக்கரம். பின்னால் இருப்பது சின்னப் பல் சக்கரம். முன்னால் 48 பல், பின்னால் 14 பல் என்று வைத்துக்கொள்ளுங்கள். 48-ஐ 14-ஆல் வகுத்து, சக்கரத்தின் சுற்றளவான சுமார் 2.1 மீட்டரால் பெருக்கினால் 7.2 மீட்டர் வரும். பெடலை ஒரு முறை சுற்றினால் சைக்கிள் அவ்வளவு தூரம் போகும். முன்னால் ஒரு பல் கூடினால் ஒரு சுற்றுக்கு 15 சென்டிமீட்டர் கூடும். கணக்கு அவ்வளவுதான்.

அவள் அறைச் சுவரில் இத்தாலிய வீரர் பிலிப்போ கன்னாவின் படம் ஒட்டியிருந்தது. படத்துக்குக் கீழே சிவப்பு மையில் '65 - 14' என்று எழுதி வைத்திருந்தாள். 2022 அக்டோபர் 8-ம் தேதி, ஸ்விட்ஸர்லாந்தில் கிரென்கென் என்ற ஊரில், ஒரே மணி நேரத்தில் 56.792 கிலோமீட்டர் ஓட்டிச் சாதனை செய்தாரே, அப்போது அவர் போட்டிருந்த கியர் அது. ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 9.75 மீட்டர்! 1972-ல் மெக்ஸிகோ நகரத்தில் பெல்ஜியத்து எடி மெர்க்ஸ் ஒரு மணியில் 49.431 கிலோமீட்டர் ஓட்டியபோது அவர் போட்டது 52-க்கு 14. கணக்குப் போட்டுப் பார்த்தால், மெர்க்ஸின் கால் நிமிஷத்துக்குச் சுமார் 106 தடவை சுற்றியிருக்கிறது. கன்னாவின் கால் சுமார் 97 தடவைதான். கால் மெதுவாகச் சுற்றியும் வேகம் அதிகம்! 17 வயதுப் பெண்ணுக்கு மயக்கம் வராமல் இருக்குமா?

இந்தச் சமயத்தில் டில்லியில் ஒரு போட்டி வந்தது. அவள் பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தாள். அத்திம்பேர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: "முதல் ஐந்து பேருக்குள் வந்தால் மேற்கொண்டு பார்க்கலாம். இல்லாவிட்டால் சைக்கிள் பரணுக்குப் போக வேண்டியதுதான்." அக்காளுக்கு லீவு கிடைக்கவில்லை. துணைக்கு நான் போனேன்.

2010-ல் காமன்வெல்த் விளையாட்டுக்காகக் கட்டிய மரப் பாதை அது. ஒரு சுற்று 250 மீட்டர். வளைவுகளில் பாதை சுவர் மாதிரி எழும்பி நிற்கிறது. கீழே நின்று பார்த்த எனக்கே வயிற்றைக் கலக்கியது. அவள் ஓட வேண்டியது இரண்டே சுற்று, 500 மீட்டர். நின்ற இடத்திலிருந்து கிளம்ப வேண்டும். காலையில் தகுதிச் சுற்று; அதில் முதல் எட்டுப் பேருக்கு மாலையில் இறுதிச் சுற்று.

முதல் நாள் இரவு பயிற்சியாளர், "வழக்கம்போல் 48" என்றார். இவளோ, "51 போட்டுப் பார்க்கிறேன் ஸார்" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"சித்தி, நீங்கள் காலேஜில் கணக்குப் படித்தவர்கள்தானே? சொல்லுங்களேன்."

போதாதா? ஹோட்டல் பில்லின் பின்புறத்தில் கணக்குப் போட்டேன். 48 போட்டால் 500 மீட்டருக்குப் பெடலை 69 தடவைக்கு மேல் சுற்ற வேண்டும். 51 போட்டால் 65 தடவைக்குக் கொஞ்சம் அதிகம். நாலு சுற்று மிச்சம்! "51-தான் சரி" என்று தீர்ப்புச் சொன்னேன். பயிற்சியாளர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "தகுதிச் சுற்றுதானே, ஓட்டிப் பார்க்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

மறுநாள் காலை. பின் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டிருந்த கருவி விடுபட்டது. அவள் எழுந்து நின்று மிதித்தாள். சைக்கிள் நகர்ந்தது என்று சொல்லலாமே தவிர, பாய்ந்தது என்று சொல்ல முடியாது. பாட்டியின் ஆட்டுக்கல்லில் நான் ஒரு தடவை உளுந்தை ஒரேயடியாகக் கொட்டிவிட்டுக் குழவியை அசைக்க முடியாமல் திண்டாடினேன். அதே முகம் அவளிடம் தெரிந்தது. முதல் சுற்று 22.6 விநாடி. இரண்டாவது சுற்றில் வேகம் பிடித்துவிட்டது, 17.1 விநாடிதான். ஆனால் மொத்தம் 39.7. எட்டாவது இடம்! ஒன்பதாவது வந்த பெண்ணுக்கும் இவளுக்கும் கண் இமைக்கிற நேரந்தான் வித்தியாசம்.

என் கணக்கில் தப்பில்லை, சகோதரிகளே. நான் விட்டுவிட்டதுதான் தப்பு. எந்தக் கியராக இருந்தாலும் கால் ஒரே வேகத்தில் சுற்றும் என்று நினைத்துக்கொண்டேன். நின்ற இடத்திலிருந்து பெரிய கியரைக் கிளப்ப எவ்வளவு பலம் வேண்டும் என்பது ஹோட்டல் பில்லில் ஏறவில்லை. கன்னாவுக்குக் கிளம்பும்போது சில விநாடிகள் நஷ்டமானால் என்ன? அவருக்குப் பாக்கி முழுசாக ஒரு மணி நேரம் இருந்தது. இவளுக்கு இருந்ததோ முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது விநாடி. அதில் பாதிக்கு மேல் வேகம் பிடிப்பதிலேயே போய்விடுகிறது. ஒரு மணி நேரத்துக்கு ஏற்ற சமையலை அரை நிமிஷத்தில் இறக்கச் சொன்னேன்!

மத்தியானம் அவளுக்கு முன்னால் போய் உட்கார்ந்தேன். பேச வரவில்லை. "என்னால்தாண்டி..." என்று ஆரம்பித்தேன்.

"மிதித்தது நான் சித்தி" என்றாள் அவள். சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டுத் தொடையை நீவிக்கொண்டிருந்தாள். "51-ல் கடைசிச் சுற்று நன்றாக இருந்தது. கிளம்பும்போதுதான் கால் செத்துப் போச்சு. 48 போட்டால் கடைசியில் கால் வீணாகச் சுழலுகிறது. 49 போடுகிறேன்."

பயிற்சியாளர் சொன்ன 48-ம் இல்லை. நான் சொன்ன 51-ம் இல்லை. அவர் ஒரு நிமிஷம் யோசித்தார். பிறகு ஒன்றும் சொல்லாமல் ஸ்பானரை அவள் கையில் கொடுத்தார். அவளே திருகாணிகளைக் கழற்றினாள். பல் சக்கரத்தை மாற்றினாள். பின் சக்கரத்தை நகர்த்திச் செயினை இழுத்துக் கட்டினாள். நான் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

மாலையில் முதல் சுற்று 21.2, இரண்டாவது 17.3. மொத்தம் 38.5 விநாடி. அதற்கு முன் அவள் ஓட்டியதிலேயே அதுதான் மிகக் குறைந்த நேரம்.

ஆனால் இடம்? ஆறாவது. ஐந்தாவது வந்த பெண் 0.2 விநாடி முன்னால். காலையில் அந்தக் கனத்தை மிதித்த களைப்பு இல்லாமல் இருந்திருந்தால்? அந்தக் கேள்வி இன்றைக்கும் என்னை விடவில்லை.

ரயிலில் அவள் அதிகம் பேசவில்லை. வீட்டில் நுழைந்ததும் அத்திம்பேர் பேப்பரிலிருந்து தலையை நிமிர்த்தி, "எத்தனாவது?" என்று கேட்டார்.

"ஆறாவது அப்பா."

அவர் பரணை நிமிர்ந்து பார்த்தார். நான் குறுக்கே விழுந்து நடந்ததையெல்லாம் சொல்லிவிட்டேன். தப்பு என்னுடையது என்றும் சொன்னேன். அத்திம்பேர் கணக்கர். எண்களைக் கேட்டால் சும்மா இருக்க மாட்டார். பேப்பரின் ஓரத்தில் பேனாவால் எழுத ஆரம்பித்தார். "காலைக்கும் மாலைக்கும் 1.2 விநாடியா? இரண்டு பல்லைக் குறைத்ததற்கா?" கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். மறுபடி எழுதினார். அக்காள் காபியை வைத்துவிட்டு மூச்சு விடாமல் நின்றாள்.

"அப்படியானால், கால் இன்னும் கொஞ்சம் பலப்பட்ட பிறகு 50 போட்டால்?" என்றார் கடைசியில்.

"அதை என் கால் சொல்லும் அப்பா" என்றாள் பெண்.

அந்த சைக்கிள் பரணுக்குப் போகவில்லை.

அந்த வருஷமே அக்டோபர் 13-ம் தேதி, மெக்ஸிகோவின் அகுவாஸ்காலியெந்தெஸ் நகரில், இத்தாலியின் விட்டோரியா புஸ்ஸி ஒரு மணி நேரத்தில் 50.267 கிலோமீட்டர் ஓட்டினார். ஒரு மணியில் 50 கிலோமீட்டரைத் தாண்டிய முதல் பெண்மணி அவர். ஆக்ஸ்போர்டில் கணிதத்தில் டாக்டர் பட்டம் பெற்றவர். இந்தச் சேதியை அக்காள் பெண்ணிடம் நான்தான் கொண்டு போனேன்.

"பார்த்தாயா, கணக்குப் படித்தவர்!" என்றேன், கொஞ்சம் பெருமையாக.

"ஆமாம் சித்தி. ஆனால் சைக்கிளில் உட்கார்ந்ததும் அவர்தானே?" என்று சிரித்தாள்.

இப்போது சுவரில் கன்னாவுக்குப் பக்கத்தில் புஸ்ஸியின் படமும் இருக்கிறது. அதற்குக் கீழே சிவப்பு மையில் எந்த எண்ணும் எழுதவில்லை.