தொயில்

போன வாரம் வீட்டம்மாவோடு ஒப்பணக்கார வீதிக்குப் போயிருந்தேன். பேத்தி கல்யாணத்துக்குப் புடவை எடுக்க. ஒரு புடவையைக் கையில் எடுத்து, முந்தானையைத் திருப்பிப் பார்த்து, மடித்து வைத்துவிட்டு, மறுபடியும் அதையே எடுத்தாள்.

"பிடிச்சிருந்தா எடுத்துக்க. காசு இருக்குதல்ல?" என்றேன்.

"காசு இருக்குதுங்க. எனக்குப் போயி இத்தனை போட மனசு வரமாட்டீங்குது."

என் வாயிலிருந்து தன்னால் ஒரு சொல் வந்தது. "தொயில்." அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். கடைப் பையனும்தான்.

இந்தச் சொல் எனக்குக் கிடைத்தது இங்கிலாந்தின் யார்க்ஷயரில், பிராட்ஃபோர்டு நகரத்தில். 1973-ல் அங்கே ஒரு கம்பளி மில்லில் வேலைக்குப் போனேன். கோவையில் பஞ்சோடு பழகிய கைக்குக் கம்பளி பிடிபடவே ஆறு மாதம் ஆனது. குளிரைப் பற்றி முன்பே எழுதியிருக்கிறேன், மறுபடி வேண்டாம். நான் மாடி அறையில் குடியிருந்த வீட்டுக்காரம்மா ஒரு விதவை. அவரும் மில்காரர்தான். நெய்து வந்த துணியில் முடிச்சு இருந்தால் எடுத்து, இழை விட்டுப்போயிருந்தால் ஊசியால் கோத்துச் சரிசெய்கிற வேலை. கண் போகிற வேலை.

முதல் நாளே என்னை "லவ்" என்று கூப்பிட்டார். எனக்குக் கூச்சமாகிவிட்டது. பிறகுதான் கவனித்தேன், பஸ் கண்டக்டரையும் பால்காரரையும் அப்படித்தான் கூப்பிடுகிறார். நம்மூரில் கிழவிகள் எல்லோரையும் "கண்ணு" என்பதில்லையா, அதேதான்.

கடைத்தெருவில் ஒரு ஜன்னலில் கரும்பச்சைக் கம்பளிக் கோட்டு ஒன்று தொங்கியது. 22 பவுண்டு. சனிக்கிழமைதோறும் அதன் முன்னால் ஒரு நிமிஷம் நிற்பார். அவருடைய பழைய கோட்டில் முழங்கை இரண்டும் தேய்ந்துபோயிருந்தன. "வாங்கிவிடுங்களேன், பணம் போதவில்லையா?" என்று ஒருநாள் கேட்டேன். சமையலறை அலமாரியில் ஒரு பிஸ்கட் டப்பா உண்டு, அதில் பணம் இருப்பதாகச் சொன்னார். "பணம் இருக்கு, லவ். தொயில் பண்ண முடியலை."

என் காதில் 'தொழில்' என்றுதான் விழுந்தது! கோட்டு வாங்குவதற்கும் தொழிலுக்கும் என்ன சம்பந்தம் என்று இரண்டு நாள் யோசித்தேன். மில் மேஸ்திரியிடம் கேட்டபோது சிரித்துவிட்டு விளக்கினார். அந்தப் பக்கத்துப் பேச்சில் 'ஓ' ஒலி பல சொற்களில் 'ஒய்' ஆகிவிடும். நிலக்கரியைக் குறிக்கும் 'கோல்' அங்கே 'கொயில்'. பொந்தைக் குறிக்கும் 'ஹோல்', 'ஹொயில்'. அப்படியே 'தோல்' என்ற பழைய சொல் 'தொயில்' ஆனது. நம் தோலுக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

அதன் வேர் ஆயிரம் ஆண்டுக்கு முந்திய பழைய ஆங்கிலத்தில் 'தோலியன்'. பொறுத்துக்கொள், தாங்கு என்று பொருள். 'டாலரேட்' என்கிறோமே, அதற்கு மூலமான லத்தீன் சொல்லும் இதற்கு ஒன்றுவிட்ட உறவுதான். ஸ்காட்லாந்திலும் வட அயர்லாந்திலும் பழைய பொருளிலேயே, கஷ்டத்தைப் பொறுத்துக்கொள்வதற்கு, இன்றும் சொல்கிறார்கள். யார்க்ஷயர்க்காரர்கள்தான் அதைப் பணப்பைக்குள் கொண்டுவந்தவர்கள். கையில் பணம் உண்டு, செலவழிக்கும் வலியைத்தான் தாங்க முடியவில்லை. 'கட்டுப்படியாகாது' என்பது வேறு, 'மனசு வரலை' என்பது வேறு என்று நமக்குத் தெரியும். பொது ஆங்கிலத்தில் இரண்டாவதற்கு ஒற்றைச் சொல் எனக்கு இன்றுவரை அகப்படவில்லை.

இந்த மாதிரிச் சொற்களையெல்லாம் திரட்டியவர் ஜோசப் ரைட். பிராட்ஃபோர்டுக்குப் பக்கத்தில் 1855-ல் பிறந்தவர். சிறுவனாகச் சால்டேர் மில்லில் பாபின் மாற்றும் வேலை பார்த்தவர். நம் மில்களில் 'டாஃபர்' என்போமே, அந்த வேலை. எழுதப் படிக்கக் கற்றதே 15 வயதில். அந்த மனிதர் பின்னாளில் ஆக்ஸ்ஃபோர்டில் மொழியியல் பேராசிரியர்! 1898 முதல் 1905 வரை ஆறு தொகுதிகளாக ஆங்கில வட்டார வழக்கு அகராதியை வெளியிட்டார். ஊர் நூலகத்தில் அந்தத் தடித்த தொகுதிகளைப் புரட்டிப் பார்த்திருக்கிறேன். மில் பையன் ஒருவன் செய்த வேலை என்று எனக்கு ஒரு சொந்தப் பெருமை.

1975 ஜனவரியில் அண்ணன் கடிதம் வந்தது. அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை, உன்னைப் பார்க்கவேண்டும் என்கிறாள், முடிந்தால் வா. விமான டிக்கெட்டுக்கு என் ஐந்து மாதச் சேமிப்பு போய்விடும். ஊரில் வீடு கட்டச் சேர்த்துக்கொண்டிருந்த பணம். சித்திரையில் வருகிறேன் என்று பதில் எழுதி, உறையை ஒட்டி மேசைமேல் வைத்துவிட்டேன்.

சாப்பிடும்போது வீட்டுக்காரம்மா விசாரித்தார். டிக்கெட் விலையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கேட்டார்: "கட்டுப்படியாகலையா, தொயில் பண்ண முடியலையா?"

"கட்டுப்படியாகலை" என்றேன். வாய் கூசாமல் பொய் சொன்னேன்.

எழுந்துபோய் அலமாரியைத் திறந்து, பிஸ்கட் டப்பாவை எடுத்துவந்து என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். "எவ்வளவு இருக்குன்னு நீயே எண்ணிப் பாரு. மெதுவாத் திருப்பிக் கொடு" என்று சொல்லிவிட்டுப் பாத்திரம் கழுவப் போய்விட்டார்.

அந்த டப்பாவைத் தொடக்கூட முடியவில்லை. மறுநாள் காலை மில்லுக்கு லீவு சொல்லிவிட்டு, பாஸ்புக்கை எடுத்துக்கொண்டு போய் என் பணத்தை எடுத்தேன். பம்பாய் வழியாக ஊர் வந்து சேர்ந்தேன். அம்மாவுக்கு நினைவு தெளிவாக இருந்தது. "இளைச்சுப் போயிட்டியே கண்ணு" என்றாள். பதினோரு நாள் பக்கத்தில் இருந்தேன். பன்னிரண்டாம் நாள் விடிகாலையில் போய்விட்டாள். சித்திரைக்கு இன்னும் இரண்டு மாதம் இருந்தது.

மார்ச்சில் பிராட்ஃபோர்டு திரும்பினேன். டப்பா பழைய இடத்திலேயே இருந்தது. எனக்கு ரொம்ப நாளாக ஒரு சந்தேகம். என் பாஸ்புக் எப்போதும் மாடி அறை மேசைமேல்தான் கிடக்கும். அந்த அறையைத் துடைத்துப் பெருக்குகிறவர் அவர்தான். அவரிடம் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

அந்தச் சனிக்கிழமை கடைத்தெருவுக்குப் போனபோது ஜன்னலில் கரும்பச்சைக் கோட்டு இல்லை.

"வாங்கிட்டீங்களா?" என்றேன் ஆவலாக.

"இல்லை லவ். வேற யாரோ வாங்கிட்டாங்க. அப்பாடான்னு இருக்கு" என்றார். மார்க்கெட்டுக்குள் போய் உருளைக்கிழங்கு பேரம் பேச ஆரம்பித்துவிட்டார்.